சுனாமி ரெடி அங்கீகாரம்: ஏஜென்ட் தேவையா?

கேள்வி: சுனாமியை எதிர்கொள்ளத் தயாராக இருக்கும் கடலோர ஊர்களுக்கு யுனெஸ்கோ தரும் ‘சுனாமி ரெடி’ அங்கீகாரத்தை எங்கள் மீனவ கிராமத்துக்கு வாங்க ஊர்க்கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறோம். வரைபடம், ஃபைல் எல்லாம் தானே முடித்துத் தருவதாக ஒருவர் பெரிய தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஊர் செய்துகாட்ட வேண்டியதை வெளியாள் வாங்கித்தர முடியாது. மொத்தம் 12 அளவுகோல்கள். ஆண்டுக்கு மூன்று முறையாவது விழிப்புணர்வு நிகழ்ச்சி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை, இப்படிப் போகும். நடக்காத ஒத்திகைக்குப் போட்டோ ஒட்டி ஃபைலைத் தடிமனாக்குவதுதான் இந்த ஏஜென்ட்களின் வேலை.

தண்ணீர் எதுவரை ஏறும் என்று கணிப்பது உங்கள் வேலையும் இல்லை, அவர் வேலையும் இல்லை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம்) நிறுவனம் அதைச் செய்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மைப் பிரிவு வழியாகக் கேளுங்கள். மீன்வளத்துறைக்குப் போ என்பார்கள், அங்கே போனால் வருவாய்த்துறை என்பார்கள். விஷயம் புரிந்த அதிகாரி அதற்குள் மாற்றலாகிவிடுவார். 2004-ஐப் பார்த்த கடற்கரையை இன்னும் இப்படி அலையவிடுகிறார்கள்! ஆகவே மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒடிசாவில் நோலியாசாஹி உட்பட இரண்டு கிராமங்கள் 2020-லேயே இந்த அங்கீகாரத்தைப் பெற்றுவிட்டன.

எச்சரிக்கை வந்து சேரவும், அதை ஊருக்குச் சொல்லவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழி வேண்டும். வாட்ஸ்அப் குழு மட்டும் போதாது. கரண்ட் போனாலும் ஒலிக்கும் மைக்செட் இருக்கட்டும்.

பணம் கொடுத்துச் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வழிகாட்டிப் பலகை. அதை யாரிடமும் அடிக்கக் கொடுக்கலாம். ஆனால் வெளியேறும் வழி வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகுதான் அடிக்க வேண்டும். நடும்போது நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். தெருவின் இந்தப் பக்கம் நட வேண்டிய பலகையை, குழி தோண்ட வசதி என்று எதிர்ப்பக்கம் திருப்பி நட்டுவிட்டால் அம்புக்குறி கடலைக் காட்டும். இரவில் டார்ச் அடித்தும் பாருங்கள், எழுத்து தெரிகிறதா என்று. காசை அதற்கு அப்புறம் கொடுத்தால் போதும்.

அப்புறம், அந்த ஏஜென்டிடம் ஊர் லெட்டர்பேடில் சீல் போட்ட வெற்றுத்தாள் ஏதாவது கொடுத்திருந்தால் இன்றைக்கே திரும்ப வாங்கிவிடுங்கள்.