மாட்டுப் பண்ணைக்குப் பள்ளிப் பிள்ளைகள்: கேட்டதும் சொன்னதும்

சோழவரம் பக்கம் மாடும் நெல்லும் வைத்திருக்கிறோம். வடசென்னைப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்து காட்டுவதும் உண்டு. அது பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன, ஒரே மூச்சில் பதில் எழுதுகிறேன். ஒரே விஷயத்தை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

மீஞ்சூர் தம்பி ஒருவர்: அக்கா, ஆறு கறவை மாடு, கொஞ்சம் ஆடு, ஒன்றரை ஏக்கர் நெல், அவ்வளவுதான் எங்களிடம். ஊஞ்சல், முயல் கூண்டு எதுவும் இல்லாமல் கூப்பிட்டால் பிள்ளைகள் ஏமாந்துவிட மாட்டார்களா?

ஊஞ்சல் அவர்கள் தெருப் பூங்காவிலேயே இருக்கிறது தம்பி. உங்களிடம் இருப்பது வேலை, அதைக் காட்டுங்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரத்தில் ஆளுக்குக் கொஞ்சம் மொண்டு தொட்டியில் ஊற்றச் சொல்லுங்கள். வெயில் நாளில் ஒரு கறவை மாடு 60, 70 லிட்டர் குடித்துவிடும், நம் பிளாஸ்டிக் குடத்தில் ஐந்து குடம். கொருக்குப்பேட்டைப் பிள்ளைக்கு ஒரு குடம் தண்ணீர் என்றால் என்னவென்று நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை, அடிபம்பில் அடித்த கை அது. "ஒரு மாட்டுக்கே இவ்வளவா!" என்று வாயைப் பிளப்பார்கள்.

அப்புறம் படுத்து அசைபோடும் மாட்டுக்குப் பத்தடி தள்ளி உட்கார வைத்து, கழுத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மென்றதை விழுங்கியதும் ஒரு உருண்டை கீழே இறங்கும், சில நொடி சும்மா இருக்கும், அடுத்த உருண்டை தொண்டை வழியாக மேலே ஏறுவது தோலுக்கு வெளியிலேயே தெரியும். ஒரு உருண்டையை எத்தனை தடவை மெல்கிறது என்று எண்ணவிட்டால் 50, 60 வரைக்கும் போவார்கள், சத்தமே இருக்காது. நாலு அறை வயிறு என்று பாடத்தில் படித்தது அப்போதுதான் உறைக்கும்.

பெரம்பூர் ஆசிரியை: எங்கள் பிள்ளைகளுக்குப் பால் கறப்பதைப் பார்க்க ஆசை. பத்து மணிக்கு வருவோம். அந்த நேரத்துக்குக் கறந்து காட்ட முடியுமா?

முடியாது டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள். கறவை விடிகாலையில் ஒன்று, பிற்பகல் மூன்று மணிவாக்கில் ஒன்று. பிள்ளைகளுக்காக நேரத்தை மாற்றினால் மாடு குழம்பும். தெரியாத ஆட்கள் கூட்டமாக நின்று கத்தினால் மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும், கன்றை விட்டு முட்டவைத்தாலும் சுரக்காது. மடியில் பால் தங்கினால் மடிநோய் வரப் பார்க்கும், அந்தச் செலவு எங்கள் தலையில். ஆசைப்பட்டால் மதியம் ஒரு மணிக்கு மேல் வந்து, கறவையைப் பார்த்துவிட்டு நாலு மணிக்குக் கிளம்புங்கள். அதுவும் சாதுவான மாடு ஒன்றிடம் மட்டும், பத்துப் பத்துப் பேராக, பக்கவாட்டில் நின்று. மாட்டுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. நேர் பின்பக்கம் அதன் கண்ணுக்குத் தெரியாது, திடுக்கிட்டால் உதைதான்.

கொளத்தூர் அம்மா: அங்கேயே கறந்த பாலைப் பச்சையாகக் கொடுப்பீர்களா? உடம்புக்கு நல்லதென்கிறார்களே.

காய்ச்சாமல் ஒரு சொட்டும் கிடையாது. யார் நல்லதென்று சொன்னாலும் சரி.

கைகழுவ சானிடைசர் கொடுத்தால் போதாதா? (இதை ஏகப்பட்ட பேர் கேட்டிருக்கிறீர்கள்.)

போதாது. சாணி ஒட்டிய கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. கன்றுக்குட்டியின் கழிச்சலில் வரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி அதற்குச் சாகவே சாகாது. சோப்பு, ஓடுகிற தண்ணீர், இரண்டும் வேண்டும். குழாய் இல்லாவிட்டால் டிரம்மில் குழாய் வைத்து உயரத்தில் தூக்கி வையுங்கள், வாளியில் எல்லோரும் கையை முக்குவது கழுவியதாகாது. இங்கிலாந்தில் காட்ஸ்டோன் என்ற பண்ணைக்கு 2009-ல் போய்வந்தவர்களில் 93 பேருக்கு, மாட்டுச் சாணியில் இருக்கும் ஈ.கோலி என்ற கிருமியின் தொற்று வந்தது, பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே அந்தக் கதி. ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் பக்கத்திலிருக்க வேண்டும், விரலை வாயில் வைப்பதைத் தடுக்க வேறு வழியில்லை. தொழுவத்துப் பக்கம் முறுக்கு, மிட்டாய் எதையும் பிரிக்கவிடாதீர்கள். கழிச்சல் உள்ள கன்றை அன்றைக்குக் கண்ணில் படாத இடத்தில் கட்டுங்கள்.

மாதவரம், இரண்டு பிள்ளைகளின் அப்பா: காளைக்கன்று பெரிதானதும் எங்கே போகும் என்று என் பையன் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

விற்றுவிடுவோம் என்று சொல்வேன். உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது, காளைக்கு இங்கே வேலையில்லை, தீவனமோ விலை ஏறிக்கொண்டே போகிறது. "கறிக்கா?" என்று அடுத்து கேட்பான், கேட்காத பிள்ளையைப் பார்த்ததில்லை. ஆமாம், அதுவும் உண்டு என்பேன். பக்கத்தில் நிற்கும் டீச்சர்தான் பதறுவார், பிள்ளைகள் தலையாட்டிவிட்டு ஆட்டுக்குட்டி பக்கம் போய்விடுவார்கள். காட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்று கதை விடாதீர்கள், வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன சமைக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதா!

பாம்பு, கிணறு, பூச்சிமருந்து பற்றிச் சொல்லுங்கள்.

கிணற்றுக்கு இரும்பு வலை போட்டு மூடாமல் யாரையும் கூப்பிடவே கூடாது, கைப்பிடிச்சுவர் மட்டும் போதாது. மருந்து அடித்த வயலில் அந்த வாரம் பிள்ளைகளை இறக்காதீர்கள், காலி மருந்து டப்பாவைத் தண்ணீர் மொள்ள வைத்திருக்கும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே ஒழியுங்கள். வரப்பில் பெரியவர் ஒருவர் தடியைத் தட்டிக்கொண்டு முன்னால் நடக்கட்டும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு விடுங்கள். வீசிங் உள்ள பிள்ளையை வைக்கோல் போரில் ஏறவிடாதீர்கள்.

வியாசர்பாடியில் மாலை டியூஷன் நடத்துகிறோம் அக்கா. பணம் தர வழியில்லை.

அரசுப் பள்ளியிடமும் உங்களைப் போன்றவர்களிடமும் நாங்கள் காசு வாங்குவதில்லை, நாள் மட்டும் நாங்கள் சொல்கிற நாள். தனியார் பள்ளியிடம் ஒரு ஆள் கூலி, சோப்பு, மோர் எல்லாம் கூட்டித் தலைக்கு வகுத்து வாங்குகிறோம்.

எந்த மாதம் வரலாம்?

நெல்லைப் பார்க்க வேண்டுமென்றால் சம்பா அறுவடை, ஜனவரி கடைசி, பிப்ரவரி. ஒரு கிலோ நெல்லைக் கொடுத்து எவ்வளவு அரிசி வரும் என்று பந்தயம் வையுங்கள், 650, 700 கிராம்தான் தேறும். அக்டோபர், நவம்பரில் வானத்தை நம்பி வேன் பேசாதீர்கள். மே மாதம் வேண்டவே வேண்டாம்.

தண்டையார்பேட்டையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

மணலி வழி வந்தால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினீர்கள் என்றால் பிள்ளைகள் வேனிலேயே பாதி நாளைக் கழிப்பார்கள். ஏழு மணிக்கே கிளம்பி மாதவரம் வழியாக வாருங்கள்.

கழிவறை?

பண்ணை வைத்திருப்பவர்கள் கவனிக்க: தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிவறை குறைந்தது இரண்டு கட்டி முடித்துவிட்டுப் பள்ளிக்கு போன் போடுங்கள்.