வாசகர் கேள்வி – பதில்: வாக்குத்தத்த அட்டையில் வழி தெரியுமா?

கேள்வி: என் கணவர் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறார். சிங்கப்பூரில் கட்டட வேலைக்கு வரும்படி என் தம்பி அவரை அழைக்கிறான். கர்த்தருடைய சித்தத்தை அறிய வேண்டும் என்று உபவாசமிருந்து, வேத வசனங்கள் எழுதிய வாக்குத்தத்த அட்டைப் பெட்டியிலிருந்து ஓர் அட்டை எடுத்தோம். 'கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங்காப்பார்' என்று வந்தது. மனம் அமைதியடையாமல் மறுநாளும் எடுத்தோம். 'தேசத்தில் குடியிருந்து சத்தியத்தை மேய்ந்துகொள்' என்று வந்தது. எதை நம்புவது?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: சகோதரி, இரண்டையும் நம்புங்கள். இரண்டும் தேவ வசனங்கள். ஆனால் அவை எழுதப்பட்ட இடத்தில் வைத்து வாசித்து நம்புங்கள். முதல் வசனம் 121ஆம் சங்கீதத்தின் கடைசி வரி; பயணம் போகிறவனுக்கு உதவி எங்கிருந்து வரும் என்பதைச் சொல்லும் ஆரோகண சங்கீதம், அதாவது எருசலேமுக்கு யாத்திரை போகிறவர்கள் பாடும் பாட்டு, அது. இரண்டாவது வசனம் வரும் 37ஆம் சங்கீதம், பொல்லாதவர்கள் செழிப்பதைப் பார்த்து எரிச்சலடைகிறவனுக்குச் சொல்லப்பட்ட ஆறுதல். சிங்கப்பூர் போகலாமா கூடாதா என்ற கேள்விக்கு இவற்றில் எதுவும் விடை சொல்லவில்லை. போனாலும் இருந்தாலும் உங்கள் குடும்பம் யாருடைய கையில் இருக்கிறது என்பதையே இரண்டும் சொல்கின்றன.

அட்டை எடுக்கும் வழக்கத்தை நான் இழிவாக நினைக்கவில்லை. என் தாயார் புத்தாண்டு ஆராதனையில் எடுத்த அட்டைகளையெல்லாம் தம் வேதாகமத்துக்குள் வரிசையாக வைத்திருந்தார். ஓரம் மடிந்து, எண்ணெய்க் கறை படிந்த அந்த அட்டைகளை வீட்டில் கஷ்டம் வந்த நாட்களில் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். அவருக்கு அவை தைரியம் தந்தன. முடிவெடுக்க வேண்டிய காரியத்தை அவற்றின் தலையில் அவர் ஒருநாளும் கட்டியதில்லை.

உங்கள் கேள்விக்கு நேரே பேசும் வசனங்கள் 32ஆம் சங்கீதத்தில் இருக்கின்றன. 'நீ நடக்கவேண்டிய வழியை உனக்குக் காட்டுவேன்' என்று 8ஆம் வசனத்தில் வாக்குக் கொடுக்கிற தேவன், அடுத்த வசனத்திலேயே, வாரும் கடிவாளமும் போட்டால்தான் கிட்ட வரும் குதிரையைப் போலவும் கோவேறு கழுதையைப் போலவும் இருக்க வேண்டாம் என்கிறார். இந்த இரண்டு வசனங்களையும் நாம் சேர்த்து வாசிப்பதே இல்லை. மிருகத்தைக் கயிற்றால் இழுத்துத் திருப்பலாம். பிள்ளையிடம் தகப்பன் பேசுகிறார், யோசிக்கச் சொல்கிறார், பிள்ளைக்குப் புத்தி வளர வேண்டும் என்று விரும்புகிறார். ஒவ்வொரு காரியத்துக்கும் அடையாளம் கேட்கும்போது, பிள்ளையாக நடத்துகிறவரிடம் நாமாகவே கடிவாளம் கேட்கிறோம். வேதாகமத்தில் கிதியோன் அடையாளம் கேட்டுக் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டுப் பார்க்கவில்லையா என்று சிலர் கேட்பார்கள். அதற்கு முன்பே தேவன் அவனிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். இரண்டாம் முறை கேட்கும்போது, கோபப்பட வேண்டாம் என்று மன்றாடிக்கொண்டுதான் அவன் கேட்டான்.

பெர்சிய ராஜாவிடம் வேலை செய்த நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கிறது என்று கிஸ்லேயு மாதத்தில் கேள்விப்பட்டு, அழுது, உபவாசமிருந்து ஜெபித்தவர், ராஜாவிடம் பேசியது நிசான் மாதத்தில்; இடையில் ஏறக்குறைய நான்கு மாதங்கள். 'நீ கேட்கிற காரியம் என்ன' என்று ராஜா கேட்டதும் மறுபடியும் மனதுக்குள் ஒரு ஜெபம் செய்துவிட்டு, எவ்வளவு காலம் விடுப்பு வேண்டும், வழியில் உள்ள அதிபதிகளுக்கு என்ன கடிதம் வேண்டும், மரம் தருவதற்கு வனக்காவலனுக்கு என்ன கடிதம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். அந்த நான்கு மாதமும் அவர் ஜெபித்தார், கணக்கும் போட்டார். தேவ நடத்துதல் அந்தக் கணக்கின் வழியாகவும் வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே, இந்த வாரம் உங்கள் கணவரும் நீங்களும் சேர்ந்து ஜெபித்துவிட்டு, காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். அழைத்துப் போகிற முகவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா? வேலை அனுமதிக்காகச் சிங்கப்பூர் அரசு தரும் முன் அனுமதிக் கடிதத்தில் மாத அடிப்படைச் சம்பளம் எழுதப்பட்டிருக்கும். அதுவும் தம்பி சொல்லும் தொகையும் ஒன்றுதானா? போவதற்கு வாங்கும் கடனை எத்தனை மாதச் சம்பளத்தில் அடைக்க முடியும்? பிள்ளைகளுக்குத் தகப்பன் அருகில் வேண்டிய வயதா? இந்த ஊர் இதையெல்லாம் அறியாத ஊர் அல்ல. கப்பலேறி பர்மாவுக்கும் மலாயாவுக்கும் 'கொண்டு விற்க', அதாவது தொழில் செய்யப் போனவர்கள் கட்டிய வீடுகளைத்தான் இன்று ஊர் ஊராக வந்து பார்க்கிறார்கள். அந்த வீடுகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பெண்களின் கதையைப் பாட்டிமாரிடம் கேட்டால் சொல்வார்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் முழுத் தெளிவு வராமல் போகலாம். உங்கள் கணவர் வேலை செய்வதை நினைத்துப் பாருங்கள். கண்ணாடியின்மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சாயக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் தட்டுகிறார். அதன்பின் அவர் கண்ணுக்குத் தெரிவது சாம்பல் நிறமான முதுகு மட்டுமே. பூ கீழே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, கண்ணாடி கழன்ற பிறகுதான் முகம் தெரியும். பூ சரியாக விழுந்ததா என்று நடுவில் பிரித்துப் பார்த்தால் கல் கெட்டுவிடும் என்பது அவருக்குத் தெரியும். நீங்களும் ஜெபித்து, ஆராய்ந்து, சபையில் மூத்தவர்களிடம் கேட்டு முடிவெடுத்த பிறகு, அட்டைப் பெட்டியை மறுபடியும் திறக்காதீர்கள்.

கேள்வி: மூன்று மாதம் ஜெபித்து, சமாதானம் வந்த பிறகே பலகாரக் கடை தொடங்கினேன். இரண்டே ஆண்டுகளில் மூடிவிட்டேன். கர்த்தருடைய சத்தத்தை நான் தவறாகக் கேட்டுவிட்டேனா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: கடை மூடப்பட்டதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது, ஐயா. மக்கெதோனியா தேசத்தான் ஒருவன் 'வந்து எங்களுக்கு உதவிசெய்யவேண்டும்' என்று அழைத்த தரிசனத்தைக் கண்டு பவுல் புறப்பட்டார். போன இடத்தில் பிலிப்பி பட்டணத்தில் அடிபட்டு, தொழுமரத்தில் கால்கள் மாட்டப்பட்டுச் சிறையில் கிடந்தார். அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. கதவு மூடினால் தேவன் வேண்டாம் என்கிறார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நம் பக்கத்து ஓரியூரில் 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் தேதி உயிர் கொடுத்த அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ பாதிரியாருக்கும் கதவு மூடப்பட்டதுதான். மறவர் நாட்டில் போதிக்கக் கூடாது என்று சேதுபதி மன்னர் உத்தரவிட்டிருந்தார், ஐரோப்பாவுக்குப் போன அவர் அங்கேயே தங்கிவிட்டிருக்கலாம், திரும்பி வந்தார். மூடிய கதவு என்ன சொல்கிறது என்பதை அந்தக் கதவு மட்டும் தீர்மானிப்பதில்லை.

கடன் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், ஒளித்து வைக்காமல் வீட்டாரிடமும் கடன் கொடுத்தவர்களிடமும் பேசி, தவணை கேளுங்கள். இன்றைக்கு உங்களுக்குக் காட்டப்பட்டிருக்கும் வழி அதுவரையில் தெளிவானது.

கேள்வி: எங்கள் ஜெபக்குழுவில் உள்ள ஒரு பெரியவர், 'உங்கள் மகளுக்கு இந்த வரன்தான் என்று கர்த்தர் எனக்குச் சொன்னார்' என்கிறார். மறுத்தால் கீழ்ப்படியாமை ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், புதுவயல்

பதில்: ஆகாது, அம்மா. தீர்க்கதரிசனம் சொன்னாலும் மற்றவர்கள் அதை நிதானிக்க வேண்டும் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதியிருக்கிறார். பெரியவர் சொன்னதை மரியாதையோடு கேட்டுக்கொண்டு, பையனைப் பற்றி விசாரியுங்கள். ஆதியாகமம் 24ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். ஈசாக்குக்குப் பெண் தேடிப் போன ஆபிரகாமின் ஊழியக்காரன் கேட்ட அடையாளம் கிணற்றண்டையில் அப்படியே நிறைவேறியிருந்தது. இந்தக் காரியம் கர்த்தரால் வந்தது என்று பெண்வீட்டாரே ஒப்புக்கொண்டிருந்தார்கள். அப்படியிருந்தும் மறுநாள் புறப்படும் வேளையில், 'பெண்ணை அழைத்து, அவள் வாய்ப்பிறப்பைக் கேட்போம்' என்று சொல்லி, ரெபெக்காளைக் கூப்பிட்டு, 'நீ இந்த மனிதனோடேகூடப் போகிறாயா' என்று கேட்டார்கள். உங்கள் கடிதம் நான்கு பக்கம் இருக்கிறது. பெரியவர் சொன்னதும், உறவினர் சொன்னதும், நீங்கள் பயந்ததும் அதில் இருக்கின்றன. மகள் என்ன சொன்னாள் என்பது ஒரு வரியிலும் இல்லை. இன்று இரவு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள்.