மீன்தொட்டிக்கு வீட்டிலேயே விசிறித் தாங்கி

கேள்வி: எங்கள் வீட்டில் 50 லிட்டர் கொள்ளும் இரண்டடி மீன்தொட்டி உள்ளது. சித்திரை பிறந்ததிலிருந்து பிற்பகலில் நீரின் வெப்பநிலை 33 டிகிரியைத் தொடுகிறது. தங்கமீன்கள் மேற்பரப்பிலேயே வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பழைய கணினியில் கழற்றிய விசிறி ஒன்று கைவசம் உள்ளது. அதற்கு வீட்டிலேயே தாங்கி செய்ய முடியுமா? (வாசகர், வேலூர்)

பதில்: தாராளமாகச் செய்யலாம். 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கக்கூடிய நீரில், 33 டிகிரியில் 7.2 மில்லிகிராம்தான் கரையும். வெப்பம் கூடும்போது மீனின் ஆக்சிஜன் தேவையும் கூடுவதால்தான் அவை மேலே வந்து திணறுகின்றன.

விசிறி நீரைக் குளிர்விப்பது மண்பானை குளிர்வதைப் போன்றதே. நீர் ஆவியாகும்போது தொட்டியின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. கணக்குப்படி, 50 லிட்டரில் 350 மில்லிலிட்டர் ஆவியானாலே 4 டிகிரி குறைய வேண்டும். அறையின் சூடு இடைவிடாமல் உள்ளே வருவதால் அதைவிடக் கூடுதலாகவே வற்றும். கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் இந்த முறை அவ்வளவாக எடுபடாது. வேலூரின் வறண்ட வெயில் இதற்கு வாய்ப்பானது.

20 மில்லிமீட்டர் அகலமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள அலுமினியப் பட்டைகள் இரண்டை வாங்கி, ஒவ்வொன்றின் கீழ்ப்பகுதியையும் கண்ணாடி விளிம்பில் மாட்டும்படி கவிழ்த்த ‘ப’ வடிவில் வளையுங்கள். மேல்முனையில் விசிறியின் கீழ்த்துளைகளுக்கு நேராகத் துளையிடுங்கள். 120 மில்லிமீட்டர் விசிறியானால் இரு துளைகளின் மையங்களுக்கிடையே 105 மில்லிமீட்டர் இருக்கும். எவர்சில்வர் திருகாணிகளையே போடுங்கள். நான் ஒருமுறை இரும்பைப் போட்டு, ஒரே மாதத்தில் துருநீர் தொட்டிக்குள் சொட்டுவதைப் பார்த்தேன். கண்ணாடிக்கும் பட்டைக்கும் இடையே பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் செருகினால் அதிர்வும் இரைச்சலும் அடங்கும்.

தாங்கியைத் தொட்டியின் குறுகிய பக்கத்தில் மாட்டி, காற்று நீளவாக்கில் நீரைத் தடவிச் செல்லும்படி பட்டையைச் சற்றே உள்ளே சாய்த்துவிடுங்கள். விசிறியில் குறுக்குச் சட்டங்கள் இருக்கும் பக்கத்தின் வழியாகவே பெரும்பாலும் காற்று வெளியேறும்; ஓடவிட்டு, கையை நீட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளி விழாதபடி அகலக் கண்ணிகள் கொண்ட பிளாஸ்டிக் வலையைப் போர்த்துங்கள். மூடியிருக்கும் தொட்டியில் ஈரக்காற்று வெளியேற வழியில்லாததால் விசிறி ஓடியும் பயன் இருக்காது.

மின்சாரத்தை 12 வோல்ட் அடாப்டர் வழியாகவே கொடுங்கள். ஒயர் வழியே வழியும் நீர் பிளக்கை எட்டாதபடி, ஒயர் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலேறிச் செல்ல வேண்டும்.

நீர் வற்றினாலும் அதிலுள்ள உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். நீர்மட்டத்தை ஒட்டிக் கண்ணாடியில் படியும் வெள்ளைக் கோடு அதுதான். ஆகவே அன்றாடம் வற்றும் அளவை, உப்பு பெரும்பாலும் நீக்கப்பட்ட ஆர்.ஓ. நீரால் நிரப்பி, வழக்கமாக நீர் மாற்றுவதையும் விடாமல் தொடருங்கள்.