மேரி ஆனிங் பெயரில் தேடினால் ஏன் கிடைப்பதில்லை

புதைபடிவங்களைக் கண்டெடுத்த மேரி ஆனிங்கின் பெயரை விடுங்கள்; அவற்றை வாங்கியவர், அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அருங்காட்சியகப் பட்டியலில் "மேரி ஆனிங்" என்று போட்டால் சொற்பமே வருகிறது என்றீர்கள். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் அவர் தோண்டியவை பெரும்பாலும் வேறு பெயர்களின் கீழ் இருக்கும்.

காரணம், ஆனிங் வயிற்றுப்பாட்டுக்காகப் புதைபடிவம் விற்றவர். காசு கொடுத்தவர் பெயர்தான் பதிவேட்டில் ஏறியது. 1811இல் அண்ணன் ஜோசப் இக்தியோசார் என்ற அழிந்துபோன கடல் ஊர்வனத்தின் மண்டையோட்டைக் கண்டார்; மறு ஆண்டு உடலை மேரி கண்டுபிடித்தார். அதை 23 பவுண்டுக்கு வாங்கியவர் உள்ளூர் நிலப்பிரபு ஹென்லி. 1823இல் ஆனிங்குக்குக் கிடைத்த முழு பிளீசியோசார் (நீண்ட கழுத்துள்ள இன்னொரு கடல் ஊர்வனம்) பக்கிங்ஹாம் பிரபுவிடம் போனது. 1824இல் அதைப் பற்றி நிலவியல் சங்கத்தில் பேசிய நிலவியலாளர் கோனிபேர், ஆனிங் பெயரைச் சொல்லவே இல்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

இப்படிச் செய்து பாருங்கள்:

1. இடம் "லைம் ரீஜிஸ்", காலம் 1847க்கு முன் (ஆனிங் இறந்த ஆண்டு) என்று வடிகட்டுங்கள்.

2. அதற்குள் ஹென்லி, பக்கிங்ஹாம், பர்ச் பெயர்களைத் தேடுங்கள். பர்ச்சை விடாதீர்கள்: ஆனிங் குடும்பத்தின் வறுமையைப் பார்த்து, 1820இல் தன் சேகரிப்பையே ஏலம் விட்டுப் பணத்தை அவர்களுக்குக் கொடுத்தவர்.

ஒரு எச்சரிக்கை. லைம் ரீஜிஸ் என்று சீட்டில் இருந்தாலே ஆனிங் எடுத்தது என்று எழுதிவிடாதீர்கள். அதே கரையில் எலிசபெத் ஃபில்பாட்டும் சகோதரிகளும் சேகரித்தார்கள். அவர்களுடையவை ஆக்ஸ்ஃபோர்டில் உள்ளன. அக்காலக் கடிதமோ ஏலப் பட்டியலோ ஒத்துப்போனால் மட்டும் ஆனிங் பெயரைப் போடுங்கள்.