பாதை சரி, லைப்ரரி காலி

கேள்வி: உபுண்டு லினக்ஸ் கணினியில், நம்மிடமுள்ள படங்களை மற்ற சாதனங்களில் பார்க்க உதவும் ஜெல்லிஃபின் சர்வரை நிறுவி, யுஎஸ்பி ஹார்ட் டிஸ்கில் உள்ள திரைப்பட ஃபோல்டரின் பாதையைச் சரியாகவே கொடுத்தேன், ஆனாலும் லைப்ரரியில் ஒரு படமும் வரவில்லை. ஏன்?

பதில்: டெஸ்க்டாப்பில் செருகிய டிஸ்க், ‘மீடியா’ ஃபோல்டருக்குள் உங்கள் பயனர் பெயரில், உங்களுக்கு மட்டுமே அனுமதியுள்ள இடத்தில் இணைகிறது; சர்வரோ ‘ஜெல்லிஃபின்’ என்னும் தனிப் பயனராக இயங்குகிறது. கோப்புக்கு வாசிப்பு அனுமதி இருந்தால் மட்டும் போதாது, பாதையிலுள்ள ஒவ்வொரு மேல் ஃபோல்டருக்குள்ளும் நுழையும் அனுமதி வேண்டும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அதற்காக எல்லாவற்றுக்கும் 777 (எல்லாப் பயனர்களுக்கும் முழு அனுமதி) கொடுத்துவிடாதீர்கள், அது ஆபத்தானது. எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் டிஸ்கின் யுயுஐடியை (தனி அடையாளக் குறியீட்டை) குறிப்பிட்டு, ‘எஸ்ஆர்வி’ ஃபோல்டருக்குள் நிலையாக இணைத்து, ஜெல்லிஃபின் பயனருக்கு வாசிக்கவும் நுழையவும் மட்டும் அனுமதி தந்து, அந்தப் புதிய பாதையை லைப்ரரியில் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள்.