‘குடோன்’ ஆங்கிலச் சொல்லா? மற்ற மொழிகளில் அதற்கு என்ன பெயர்?

‘குடோனை விட்டுவிட்டு நல்ல தமிழில் கிடங்கு என்று எழுதலாமே’ என்றும் கேள்வியில் சேர்த்திருக்கிறீர்கள். தாராளமாக எழுதலாம். ஆனால் இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இந்தச் சொல் இங்கிலாந்தில் பிறந்ததல்ல. அங்கே சரக்கு வைக்கும் இடத்துக்கு வேர்ஹவுஸ் என்றுதான் பெயர். ஆசியத் துறைமுகங்களுக்கு வியாபாரம் செய்ய வந்த இடத்தில் அவர்கள் வாயில் ஒட்டிக்கொண்டது ‘கோடவுன்’. சரக்கு நிலவறைக்குக் கீழே போவதால் ‘கோ டவுன்’ என்று ஒரு விளக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்கச் சுவையாக இருக்கிறதே தவிர, வெறும் கட்டுக்கதை.

மலாய் மொழியில் இது ‘குடாங்’. போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தபோது அங்கே சோழமண்டலக் கரை வணிகர்கள் ஏற்கெனவே குடியேறியிருந்தார்கள். மலாய்க்காரர்களிடமிருந்து போர்த்துகீசியரும், அந்த வழியில் ஆங்கிலேயரும் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். மலாய்க்கு அதைக் கொடுத்தது யார் என்று பார்த்தால், விரல் நம் கரைப் பக்கம் நீள்கிறது: தமிழில் கிடங்கு, தெலுங்கில் கிட்டங்கி. கிடப்பதற்கான இடம் கிடங்கு. ஆங்கிலேயர் இந்தியாவில் பழகிய சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் இந்த வழியைக் குறிப்பிடுகிறது.

இதைப் படித்ததும் ‘தமிழே மூலம்’ என்று மார் தட்டக் கிளம்பிவிட வேண்டாம். நான் கீழக்கரைக்காரன். எங்கள் ஊர் மரைக்காயர்கள் மலாய்த் தீவுகளுக்குக் கப்பல் விட்ட கதையைக் கேட்டே வளர்ந்தவன். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் மலாய்ச் சொல் தொடங்குவது தெலுங்கில் உள்ள அதே ‘g’ ஒலியில். தமிழ்க் கிடங்கின் ககரமோ ‘k’ ஒலி. மலாக்காவுக்குப் போனவர்களில் தமிழரும் இருந்தார்கள், தெலுங்கரும் இருந்தார்கள். இரண்டு பேரையும் அங்கே ‘கெலிங்’ என்ற ஒரே பெயரில்தான் அழைத்தார்கள். எந்த மூட்டையோடு எந்தச் சொல் இறங்கியது என்று இன்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

சங்கப் பாடல்களில் கிடங்கு என்றால் கோட்டையைச் சுற்றிய அகழி. மலையாளத்தில் இன்றும் அதே பொருள்தான். பள்ளத்தைக் குறித்த சொல் எப்படிச் சரக்கறைக்கு வந்தது? தானியத்தைக் குழி வெட்டிச் சேமித்த வழக்கம் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இந்தோனேசியாவில் ‘குடாங் காராம்’ என்று பெயர் பெற்ற கிராம்புச் சிகரெட் ஒன்று உண்டு. 1958இல் தொடங்கிய நிறுவனம். ‘காராம்’ என்றால் உப்பு. அப்படியானால் முழுப் பெயருக்கும் பொருள் உப்புக் கிடங்கு! வாலிநோக்கம் உப்பளத்துக்குப் போய், வெயிலில் கண் கூசக் குவிந்து கிடக்கும் உப்பைக் கண்ட எவருக்கும் அந்தச் சிகரெட் பெட்டியைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

இந்தியில் கோதாம், வங்காளத்தில் குதாம், தாய்லாந்தில் கோடாங். எங்கள் ஊர்ச் சங்கு வியாபாரத்தில் இதை நேரில் பார்க்கலாம். முத்துக் குளித்த கடலிலிருந்து வரும் சங்கைக் குடோனில் கொட்டுகிறார்கள். சதை அழுகிய வாடை தெருமுனை வரை வீசும். கழுவி, பெரிது சிறிது பார்த்துப் பிரித்து, சாக்கில் தைத்துக் கொல்கத்தாவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே மணமான பெண்கள் அணியும் வளையலாகிறது. மூட்டை இங்கே குடோனிலிருந்து கிளம்பி அங்கே குதாமில் இறங்குகிறது. ஏற்றுபவருக்கும் இறக்குபவருக்கும் மற்றவர் மொழி தெரியாது. இந்தச் சொல்லுக்கு மட்டும் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

எங்கள் பக்கம் அரசுப் பலகைகளில் ‘சேமிப்புக் கிடங்கு’, ஆட்கள் வாயில் ‘குடோன்’. உங்கள் கடைப் பலகையில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்களத்தில் இது ‘குதம’, இலங்கைத் தமிழில் ‘குதம்’. திருகோணமலை எண்ணெய்க் குதங்கள் பற்றி அந்நாட்டுப் பத்திரிகைகள் கூச்சமில்லாமல் எழுதுகின்றன. அதைப் பார்த்து நீங்களும் பலகையில் எழுதிவிடாதீர்கள். எழுதத் துணிந்தால், முதலில் இங்கே உள்ள ஏதாவது ஒரு தமிழ் அகராதியில் அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள்.