அஸ்திவாரக் குழியில் கிடைத்த சிக்கிமுக்கிக் கல் சில்லுகள்

அஸ்திவாரம் தோண்டும்போது வந்த சிக்கிமுக்கிக் கல் சில்லுகள் பொக்லைன் உடைத்தவையா, ஆதிமனிதன் தட்டியவையா என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அடி விழுந்த இடத்துக்குக் கீழே சின்னப் புடைப்பும், அதிலிருந்து நீரலை போல விரியும் வளையங்களும் தெரிகின்றனவா? அவை கல்லில் ஓங்கி அடி விழுந்ததற்கான அடையாளம். ஆனால் ஆதிமனிதன் தட்டியது என்று சொல்ல அது மட்டும் போதாது. பொக்லைன் வாளியின் பல் பட்டாலும் அப்படி ஒன்றிரண்டு வரும். நிறத்தைத்தான் நான் அதிகம் நம்புவேன். பழைய உடைப்பில் பெரும்பாலும் வெண்மையோ நீலமோ படர்ந்திருக்கும், புது உடைப்பு உள்நிறத்தோடு பளிச்சென்று இருக்கும்.

சரி, முதலில் அந்த மூலையில் வேலையை நிறுத்தி, தொல்லியலாளரைக் கூப்பிடுங்கள். கையில் எடுத்தவற்றைக் கழுவ வேண்டாம். இடத்தையும் ஆழத்தையும் எழுதித் தனித்தனிப் பையில் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் உரசி, பழைய தேய்மானத் தடம் கெட்டுவிடும். அப்புறம், மறுபடி தோண்டும்போது பல் இல்லாத வாளியை மாட்டச் சொல்லுங்கள்.